பைக் சீட்டும் கால் பெடல்களும் நம் உடம்புக்குப் பொருந்த: வீட்டிலேயே செய்யலாம்

நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் என் வலது கணுக்கால் கடுக்க ஆரம்பித்துவிடும். வயசாகிவிட்டது என்றே பல நாள் நினைத்திருந்தேன். வண்டியில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி பக்கவாட்டில் எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்துத்தான் காரணம் புரிந்தது. பிரேக் பெடல் உயரமாக இருந்தது. தெரியாமல் மிதித்துவிடக் கூடாதே என்று பாதத்தை எப்போதும் தூக்கியே வைத்திருந்தேன்.

என்னுடையது 150 சிசி வண்டி, பின்பக்கம் டிரம் பிரேக். தேவையானவை ரிங் ஸ்பேனர் 10, 12, 14, கொஞ்சம் கிரீஸ், ஒரு சாக்பீஸ். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். அது நட்டின் முனைகளை மழுக்கிவிடும், பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

முதலில் சீட்

சீட் ஓர் அங்குலம் மாறினாலே முழங்கால் மடிப்பும் பாதத்தின் சாய்வும் மாறிவிடும். அதனால் பெடலைக் கடைசியில் தொடுங்கள். ஹிமாலயன் 450 போன்ற வண்டிகளில் சீட்டை 825 அல்லது 845 மி.மீ. என்று மாற்றி வைக்கலாம். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளில் உயரம் ஒன்றுதான், அங்கே ஃபோமைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு காலும் முழுசாகத் தரையில் பட வேண்டும் என்று ஃபோமை வெட்டச் சொல்பவர்கள் நிறைய. சிக்னலில் நிற்க வசதிதான், ஆனால் ஓட்டும்போது முழங்கால் அதிகமாக மடிந்து வலிக்கும். ஒரு கால் முழுசாகவும் மறு காலின் முன்பாதமும் ஊன்றினால் போதும். என் தேர்வு ரீபாண்ட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிச் செய்தது). முதலில் கெட்டியாகத் தெரியும், நீண்ட தூரத்தில் அதுதான் தாங்கும். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் செய்து தருவார்கள். கவர் தைப்பதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். டேங்க் பக்கம் சறுக்கினால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பிரேக் பெடல்

டபுள் ஸ்டாண்ட் போட்டு, வழக்கமாக ஓட்டும் ஷூவோடு உட்காருங்கள். பாதம் ஃபுட்ரெஸ்டில் இயல்பாக இருக்கும்போது ஷூவுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு விரல் கனம் இருந்தால் சரி. பெடலின் அச்சுக்குப் பக்கத்தில், அது மேலே வராமல் தடுக்கும் சிறு போல்ட், அதை நகராமல் பிடிக்கும் செக் நட்டோடு இருக்கும் (சில வண்டிகளில் இருக்காது). செக் நட்டைத் தளர்த்தி, பெடல் இறங்கும் பக்கமாகப் போல்ட்டைத் திருப்பி, மறுபடி இறுக்குங்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் நான் திண்டிவனத்துக்குக் கிளம்பினேன். அச்சிறுபாக்கத்தில் டீக்கு நிறுத்தியபோது பின்சக்கர டிரம்மில் கை வைக்க முடியவில்லை. பிரேக் விளக்கும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. பெடலை இறக்குவது என்பது அதைக் கொஞ்சம் மிதித்து வைப்பதுதான். பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் கம்பியும் கூடவே இழுபடுகிறது, பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருக்கிறது.

ஆகவே பெடலை இறக்கியதும் அந்தக் கம்பியின் நுனியில், பின்சக்கரத்தின் பக்கம் உள்ள 14 நட்டைத் தளர்த்துங்கள். அரை அரைச் சுற்றாகத் திருப்புங்கள், நட்டின் வளைந்த முகம், கம்பி நுழைந்து வரும் சிறு உருளையில் (பின், pin) சரியாக உட்கார வேண்டும். பெடல் நுனியில் 20 முதல் 30 மி.மீ. விளையாட்டு (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இருக்கட்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும். அப்புறம் பிரேக் விளக்கின் சுவிட்ச்: அதன் உடம்பைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். உடம்பு சுற்றினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும். பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும்.

கியர் லீவர்

அப்பாச்சி, எஃப்.இசட் போன்றவற்றில் இணைப்புக் கம்பி இருக்கும். இரண்டு முனையிலும் செக் நட் உண்டு, அவற்றில் ஒன்று இடதுமறை. திறக்கவில்லை என்று பலம் காட்டாமல் எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். கம்பியைச் சுற்றினால் லீவர் ஏறும், இறங்கும். இரு முனையிலும் போதிய மறை உள்ளே இருக்கட்டும்.

ஸ்ப்ளெண்டர் மாதிரி லீவர் நேராக எஞ்சினிலிருந்து வரும் பல் வைத்த ஷாஃப்டில் இருந்தால், முதலில் சாக்பீஸால் கோடு போடுங்கள். போல்ட்டை முழுசாகக் கழற்றினால்தான் லீவர் வெளியே வரும், ஏனென்றால் அது ஷாஃப்டில் உள்ள பள்ளத்தின் வழியாகப் போகிறது. ஒரே ஒரு பல் தள்ளிப் போட்டுப் பாருங்கள். ஒரு பல்லே கணிசமான வித்தியாசம் தரும்.

பிற்சேர்க்கை: பின்னாலும் டிஸ்க் உள்ளவர்கள் கேட்டிருந்தீர்கள். அங்கே மாஸ்டர் சிலிண்டரை (பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் பாகம்) தள்ளும் கம்பியின் செக் நட்டைத் தளர்த்தித்தான் உயரத்தை மாற்ற வேண்டும். அழுத்தம் ஏறுவதற்கு முன் பெடல் கொஞ்சமாவது ஆட வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் எண்ணெய் திரும்ப வழியில்லாமல் சூடாகி, ஓடும்போதே சக்கரம் இறுகிவிடும். முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போய், இறங்கி, டிஸ்க்கைத் தொடாமல் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் திரும்பி வந்து கம்பியை இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள்.