டால்யானில் ஐந்து நாள்: ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றுக்கு நிதானமான பயணம்

துருக்கியின் தென்மேற்கில், மூலா மாகாணத்தில், கோய்ஜேயிஸ் ஏரியின் நீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் ஆற்றின் கரையில் டால்யான் என்ற சிற்றூர் இருக்கிறது. மீன்பிடிக்க ஆற்றில் போடும் அடைப்புக்குத் துருக்கியர் வழங்கும் பெயர்தான் ஊரின் பெயரும். ஏரிக்கும் கடலுக்கும் இடையே போய்வரும் மடவை மீன்களை அவ்வாறு அடைத்துப் பிடிக்கும் தொழில் இங்கே தொன்றுதொட்டு நடந்துவருகிறது. எதிர்க்கரையில் செங்குத்தான பாறை. அதன் முகத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கோயில் முகப்புகளைப் போலக் குடைந்த கல்லறைகள். ஆற்றின் முகத்துவாரத்தில் கடலாமைகள் முட்டையிடும் இஸ்துஸு கடற்கரை.

பக்கத்துக் கடற்கரை நகரங்களிலிருந்து பலர் ஒரே நாள் படகுச் சுற்றுலாவாக இங்கே வந்துபோகிறார்கள். ஏரி, சேற்றுக் குளியல், கௌனோஸ் என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகள், கடற்கரை ஆகிய நான்கையும் எட்டு மணி நேரத்துக்குள் அடைக்கும் அந்தச் சுற்றில் எதன் முன்னும் நின்று பார்க்க நேரம் இருப்பதில்லை. நான் சொல்லும் திட்டத்தின் அடிப்படை ஒன்றே: குறைந்தது ஐந்து இரவுகள் டால்யானிலேயே தங்குங்கள், ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைத் திட்டம் எதுவும் எழுதாமல் விட்டுவிடுங்கள்.

முதலில் மாதத்தை முடிவு செய்யவேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரையும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். இடிபாடுகளுக்கிடையே நிழலும் குறைவு. நவம்பர் முதல் மார்ச் வரை மழை பெய்யும். விடுதிகளும் உணவகங்களும் பெருமளவு மூடியிருக்கும். சனிக்கிழமைதோறும் ஊரில் சந்தை கூடுவதால், நீங்கள் தங்கும் நாட்களுக்குள் ஒரு சனிக்கிழமை வரும்படி பயணச்சீட்டு எடுப்பது நல்லது. எழுதாமல் விட்ட நாளாக அந்தச் சனிக்கிழமையையே வைத்துக்கொண்டால், ஆலிவ், பாலாடைக்கட்டி, மாதுளை, தேன் என்று வாங்கிக்கொண்டு காலைப் பொழுதை அங்கேயே கழித்துவிடலாம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்பு அனுமதியோ இருந்தால் துருக்கியின் மின்விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் முன்கூட்டியே விண்ணப்பித்துக் கடவுச்சீட்டில் ஒட்டும் விசாவைப் பெறவேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் சரிபார்த்த பிறகே விமானச்சீட்டுக்குப் பணம் கட்டுங்கள். இஸ்தான்புல்லிலிருந்து டாலமான் விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் பறக்கவேண்டும். அங்கிருந்து டால்யான் சுமார் 30 கிலோமீட்டர். டாக்சியில் நேரே போய்விடலாம்; அல்லது பக்கத்து ஊரான ஓர்தாஜா வரை பேருந்தில் போய், அங்கே டோல்முஷ் என்னும் பகிர்வு வேனில் ஏறலாம்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் நடுச் சதுக்கத்துக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கிறதா என்று மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். படகுத்துறை, டோல்முஷ் நிறுத்தம், உணவகங்கள் எல்லாம் அதைச் சுற்றியே இருக்கின்றன. குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளைப் பான்சியோன் என்கிறார்கள்; அவற்றில் காலை உணவு பெரும்பாலும் வாடகையோடு சேர்ந்தது. ஆற்றை ஒட்டிய அறை கண்ணுக்கு இனியதுதான், ஆனால் கொசு அதிகம். கௌனோஸ் நகரத்துக் கோடைக்காற்று நோய் தருவது என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். சதுப்பும் நாணலும் சூழ்ந்த இடம் இது. சன்னலுக்கு வலை உண்டா என்று முன்பதிவுக்கு முன் கேளுங்கள். கொசு விரட்டும் களிம்பையும் மாலையில் போட்டுக்கொள்ள முழுக்கைச் சட்டையையும் கொண்டுபோங்கள்.

வந்து சேர்ந்த நாளில் ஆற்றங்கரையில் நடந்தால் போதும். கல்லறைகளைக் காலை வெயிலிலும், இரவில் விளக்கு வெளிச்சத்திலும், இரண்டு முறை பாருங்கள். பெரிய கல்லறைகளில் ஒன்று பாதியில் நின்றுபோனது: மேற்பகுதி செதுக்கி முடிந்திருக்கிறது, கீழே வெறும் பாறை. மேலிருந்து கீழ்நோக்கிக் குடைந்தார்கள் என்பதை இந்த முடிவுறாத வேலைதான் காட்டிக்கொடுக்கிறது. முடிந்த கல்லறைகளைவிட எனக்கு இதுவே நெருக்கமானது.

அடுத்த நாள் அதிகாலையில் கௌனோஸுக்குப் புறப்படுங்கள். இதற்குச் சுற்றுலாப் படகு தேவையில்லை. துடுப்புப் படகு சில நிமிடங்களில் ஆற்றைக் கடந்து உங்களைச் சாந்தர் கிராமத்துப் பக்கம் இறக்கிவிடும். அங்கிருந்து சுமார் அரைமணி நேர நடை. காரியா, லிசியா என்ற பழங்கால நாடுகளின் எல்லையில் இருந்த இந்த நகரம் ஒரு காலத்தில் துறைமுகம். ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட, கடல் சில கிலோமீட்டர் விலகிப் போயிற்று. சுமார் 5,000 பேர் அமரக்கூடிய அரங்கம், ரோமானியர் காலக் குளியல் மண்டபம், பைசாந்தியத் தேவாலயம், சுங்க விதிகள் பொறித்த நீரூற்று மண்டபம் ஆகியவை சரிவில் பரவிக் கிடக்கின்றன. 1996இல் இங்கே கண்டெடுத்த காரிய, கிரேக்க இருமொழிக் கல்வெட்டுதான் காரிய எழுத்துகளின் ஒலிமதிப்பை அறிஞர்கள் உறுதிசெய்துகொள்ளப் பெரிதும் உதவியது. அரங்கத்தின் மேற்படியில் அமர்ந்து பழைய துறைமுகம் இருந்த பள்ளத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர், தொப்பி, நல்ல அடிப்பிடிப்புள்ள காலணி அவசியம்.

இஸ்துஸு கடற்கரைக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் கொண்டுவிடுவதில்லை என்பதைத் திட்டமிடும்போது நினைவில் வைக்கவேண்டும். நாணற்காட்டு வாய்க்கால்களின் வழியே வளைந்து செல்லும் பகிர்வுப் படகு முகத்துவாரப் பக்கம் நிறுத்தும். டோல்முஷ் மறுமுனைக்குப் போகும். இடையே சுமார் நாலரை கிலோமீட்டர் மணல். மே மாதத்திலும் அக்டோபரிலும் படகில் போய், தண்ணீர் ஓரமாகவே நடந்து, டோல்முஷில் திரும்புவது இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த நாளாக அமையும். நடுக்கோடையில் அதைச் செய்யவேண்டாம். சாலை முனையில் காயம்பட்ட ஆமைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மையம் இருக்கிறது. படகுச் சுழலியில் ஓடு பிளந்த ஆமைகளை அங்கே காணும் குழந்தைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

1980களில் இந்த மணலில் பெரிய விடுதி ஒன்று எழத் தொடங்கியது. ஜூன் ஹைமாஃப் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்துப் போராடியதால் வேலை நின்றது. 1988இல் இப்பகுதி சிறப்புச் சூழல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தின் பயனைத்தான் இன்று நாம் அனுபவிக்கிறோம். ஆகவே விதிகளைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடியுங்கள்: முட்டையிடும் பருவத்தில் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை கடற்கரைக்குள் போகக்கூடாது, கூண்டு வைத்துக் குறித்த கூடுகளுக்கு அருகே குடையை ஊன்றக்கூடாது. நீல நண்டை இரையாகக் காட்டி ஆமைகளைப் படகருகே வரவழைக்கும் சுற்றுகளும் இங்கே உண்டு. ஆமைகள் இரைக்காகப் படகைத் தேடி வரப் பழகினால் சுழலியில் அடிபடும்; அத்தகைய படகில் ஏறாதீர்கள்.

மீதமிருக்கும் ஒரு நாளை ஏரிக்குக் கொடுங்கள். தென்மேற்குக் கரையில் உள்ள சுல்தானியே வெந்நீர் ஊற்று சுமார் 40 டிகிரிச் சூட்டில் இருப்பதால், இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இறங்குவதே முறை.

சைவ உணவு உண்போருக்குச் சிரமம் அதிகமில்லை. கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்துத் தட்டையாகச் சுடும் கோஸ்லெமே, தக்காளியும் முட்டையும் சேர்த்த மெனெமென், ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறிகள் எல்லாம் கிடைக்கும். பருப்பு சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ப்பதுண்டு என்பதால் ‘எத்சிஸ்’, அதாவது இறைச்சி இல்லாதது, என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு ஒவ்வொரு முறையும் கேளுங்கள். லிராவின் மதிப்பு விரைவாக மாறுவதால் பழைய கட்டணங்களை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். படகுத்துறையில் அன்றைய கட்டணத்தையும் கடைசிப் படகின் நேரத்தையும் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். துடுப்புப் படகுக்கும் டோல்முஷுக்கும் கையில் சில்லறை வேண்டும். திரும்பும் விமானத்தைப் பிற்பகலுக்கு எடுத்தால், கடைசி நாள் காலையிலும் கல்லறைகளுக்கு எதிரே அமர்ந்து தேநீர் குடிக்கலாம்.