நாடு மாறி ஆடப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

2003 ஆகஸ்டில் கென்யாவின் ஸ்டீபன் செரோனோ கத்தார் குடிமகன் ஆனார். சைஃப் சயீத் ஷஹீன் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். சில நாட்களிலேயே பாரிஸில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் தடைகளைத் தாண்டி ஓடும் 3,000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸில் கத்தாருக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். சரி, இனி என்ன தடை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவரால் களத்தில் இறங்கவே முடியவில்லை.

ஒரு நாட்டுக்காக ஆடியவர் இன்னொரு நாட்டுக்காக ஒலிம்பிக்கில் இறங்க வேண்டுமென்றால் மூன்று ஆண்டுகள் கழிய வேண்டும். பழைய நாடு ஒப்புக்கொண்டால் அந்தக் காலத்தைக் குறைக்கலாம், ரத்தும் செய்யலாம். கென்யா ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் ஒப்புக்கொள்ளும்? அவர் இல்லாத அந்த ஓட்டத்தில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் கென்யர்களே அள்ளினார்கள். ஒலிம்பிக் முடிந்த கையோடு, செப்டம்பர் 3 அன்று பிரஸ்ஸல்ஸில் ஷஹீன் 7 நிமிடம் 53.63 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். 2023 வரை அதை யாராலும் தாண்ட முடியவில்லை. 2008 பெய்ஜிங் வந்தபோது அவருக்குக் காயம். ஆக, ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் உலக சாதனையைக் கையில் வைத்திருந்தவர் ஒரு ஒலிம்பிக்கிலும் ஓடவில்லை.

நாடு மாறுவது சரியா தப்பா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். மாறியவர்கள் மாட்டிக்கொண்டதோ பெரும்பாலும் அந்தக் கேள்வியில் இல்லை; தேதியிலும் காகிதத்திலும்தான். பிள்ளையை வெளிநாட்டு அகாடமியில் சேர்த்துவிட்டு, எந்தக் கொடிக்கு ஆடலாம் என்று யோசிக்கிற குடும்பங்கள் இப்போது தமிழர்களிடையேயும் இருக்கின்றன. அவர்களுக்கு இது உதவலாம்.

பாஸ்போர்ட் வந்துவிட்டால் போதும் என்ற நினைப்பு

முதல் தவறு இதுதான். குடியுரிமை கொடுப்பது அரசாங்கம். ஆட அனுமதிப்பது அந்த விளையாட்டின் உலக அமைப்பு. ஒலிம்பிக்குக்கு வேறு விதி. ஒன்றில் தேறியவர் இன்னொன்றில் தேறுவார் என்று உறுதி கிடையாது.

ஷஹீனிடம் பாஸ்போர்ட் இருந்தது, ஒலிம்பிக் அனுமதி இல்லை. வில்சன் கிப்கெட்டர் கதை நேர் எதிர். கென்யாவில் பிறந்து டென்மார்க்கில் குடியேறிய அவரை உலகத் தடகள அமைப்பு டென்மார்க் சார்பில் ஓட அனுமதித்தது. 1995இல் 800 மீட்டரில் உலக சாம்பியனும் ஆனார். ஒலிம்பிக்குக்கோ முழுக் குடியுரிமை வேண்டும். அது வரவில்லை என்பதால் 1996 அட்லாண்டா கைநழுவிப் போனது. மறு ஆண்டு உலக சாதனையை அடுத்தடுத்து உடைத்தார். பிறகு ஒலிம்பிக்கில் 2000இல் வெள்ளி, 2004இல் வெண்கலம். தங்கம் கடைசிவரை இல்லை.

2018 குளிர்கால ஒலிம்பிக்கில் தென் கொரியாவுக்குத் தங்கம் வென்ற ஸ்கேட்டிங் வீரர் லிம் ஹியோ-ஜுன் சீனக் குடிமகனாகி லின் சியாவ்ஜுன் ஆனார். 2019இல் அவர் கொரியாவுக்காக ஆடியிருந்தார். மூன்றாண்டுக் கணக்கு இடிக்க, 2022இல் புதிய நாட்டிலேயே நடந்த பெய்ஜிங் ஒலிம்பிக்கைப் பார்வையாளராகத்தான் பார்க்க முடிந்தது.

பழைய நாட்டைச் சம்மதிக்க வைக்க வழியே இல்லையா என்றால், உண்டு. பல்கேரியாவிலிருந்து 1986இல் தப்பி வந்த பளுதூக்கும் வீரர் நயிம் சுலைமானோக்லு 1988 சியோல் ஒலிம்பிக்கில் இறங்குவதற்காகத் துருக்கி பல்கேரியாவுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்ததாகச் சொல்வார்கள். அவரும் தங்கத்தோடுதான் திரும்பினார். உங்கள் பின்னால் ஒரு அரசாங்கம் பணப்பெட்டியோடு நிற்காவிட்டால் இந்த வழியை நம்ப வேண்டாம். பழைய சங்கத்தோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்புபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்: நாளைக்குத் தடையில்லாச் சான்றுக்கு அதே ஆபீஸ் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

"ஒரு மேட்ச்தானே, ஆடிட்டு வரட்டும்"

கால்பந்தில் இந்த ஒரு வாக்கியம் கெடுத்த கதை முனிர் எல் ஹதாதியுடையது. ஸ்பெயினில் மொராக்கோ வழிக் குடும்பத்தில் பிறந்தவர். 2014 செப்டம்பரில் மாசிடோனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்பெயின் அவரை 77ஆவது நிமிடத்தில் மாற்று வீரராக இறக்கியது. அவ்வளவுதான், ஏறக்குறைய 13 நிமிடம். அதன் பிறகு ஸ்பெயின் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2018 உலகக் கோப்பையில் மொராக்கோவுக்கு ஆட விரும்பினார். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா மறுத்தது, விளையாட்டு வழக்குகளைத் தீர்க்கும் விளையாட்டு நடுவர் மன்றமும் மறுத்தது. காரணம், அந்த 13 நிமிடம் ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வந்தது. அதிகாரபூர்வப் போட்டியில் சீனியர் அணிக்காகக் கால் வைத்தால் அன்றைய விதிப்படி கதவு மூடியாகிவிட்டது.

அதே சமயம் டியாகோ கோஸ்டா 2013இல் பிரேசிலுக்காக இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு ஸ்பெயினுக்குப் போனார். டெக்லன் ரைஸ் அயர்லாந்துக்கு மூன்று ஆட்டம் ஆடிவிட்டு இங்கிலாந்துக்குப் போனார். இருவரும் ஆடியவை நட்புமுறை ஆட்டங்கள். எத்தனை மேட்ச் என்பதைவிட எந்த மேட்ச் என்பதே கேள்வியாக இருந்தது.

2020இல் ஃபிஃபா விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. இப்போது சீனியர் அணிக்காக மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, அவற்றையும் 21 வயதுக்குள் ஆடியிருக்க வேண்டும், கடைசி ஆட்டம் முடிந்து மூன்று ஆண்டு ஓடியிருக்க வேண்டும். உலகக் கோப்பையிலோ கண்டக் கோப்பையிலோ முதன்மைச் சுற்றில் ஆடியிருந்தால் வாய்ப்பில்லை. முக்கியமானது இன்னொன்று: பழைய நாட்டுக்காக அதிகாரபூர்வப் போட்டியில் முதலில் இறங்கிய அன்றே புதிய நாட்டின் குடியுரிமையும் கையில் இருந்திருக்க வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது செல்லாது. முனிர் இந்தத் திருத்தத்தால் தப்பித்து 2021இல் மொராக்கோவுக்கு ஆடினார். இளமையில் ஏழு ஆண்டு போனது போனதுதான்.

காகிதத்தை அலட்சியம் செய்வது

எக்குவடோரியல் கினியின் கேப்டன் எமிலியோ என்சுவே 2024 ஆப்பிரிக்கக் கோப்பையில் ஐந்து கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான விருதை வாங்கினார். சில மாதத்திலேயே ஃபிஃபா சொன்னது: இவர் இந்த நாட்டுக்கு ஆடத் தகுதியே பெற்றதில்லை. சிறு வயதில் ஸ்பெயினின் இளையோர் அணிகளுக்கு ஆடியவர். மாறும்போது ஃபிஃபாவிடம் முறைப்படி விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும், அது நடக்கவில்லை. 2013இல் அவர் மூன்று கோல் அடித்து வென்ற ஓர் ஆட்டமே இதனால் பறிக்கப்பட்டிருந்தது. அப்போதே விழித்திருக்கலாம். விழிக்காமல் பத்து ஆண்டுக்கும் மேல் ஆடினார். முடிவில் அவருக்கு ஆறு மாதத் தடை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அணி வென்ற இரண்டு ஆட்டங்கள் 0-3 தோல்வி என்று மாற்றி எழுதப்பட்டன.

இதில் தவறு யாருடையது? சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று வீரர் இருந்திருப்பார், வீரருக்குத் தெரியும் என்று சங்கம் இருந்திருக்கும். தடை விழுந்தது வீரர் தலையில். ஒப்புதல் கடிதத்தின் நகல் உங்கள் கையில் இல்லையென்றால் ஒப்புதல் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமானது மலேசியாவில் நடந்தது. 2025 ஜூனில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றபோது ஊரே கொண்டாடியது. அந்த அணியில் ஸ்பெயின், அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து என்று பல இடங்களில் பிறந்து, தாத்தாவோ பாட்டியோ மலேசியாவில் பிறந்தவர் என்ற அடிப்படையில் சேர்க்கப்பட்ட ஏழு பேர் இருந்தார்கள். ஃபிஃபா அந்தந்த நாடுகளின் மூலப் பிறப்புப் பதிவுகளைத் தேடிப் பிடித்து, சமர்ப்பித்த ஆவணங்கள் போலியாகத் திருத்தப்பட்டவை என்றது. ஏழு பேருக்கும் தலா 12 மாதத் தடையும் 2,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும், சங்கத்துக்கு 3,50,000 ஃபிராங்க் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டுக் குழுவும் அதையே உறுதி செய்ய, வழக்கு விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. தாத்தா எங்கே பிறந்தார் என்பதை ஏஜென்ட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வந்தால், அங்கேயே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டாமா?

இந்தியா என்று வரும்போது

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வழியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே என்பார்கள். அது விசாவுக்கும் சொத்துக்கும் உதவும். இந்திய அணியில் ஆட உதவாது. 2008 டிசம்பரில் விளையாட்டு அமைச்சகம் இந்தியக் குடிமக்கள்தான் நாட்டுக்கு ஆடலாம் என்று முடிவெடுத்தது. அதற்கு முன் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடியவர் விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ். அமெரிக்காவில் பிறந்து அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்த அவருக்கும் கதவு மூடியது.

இந்தியாவுக்கு ஆட வேண்டுமென்றால் மற்றதை விட்டுத்தான் ஆக வேண்டும். இந்தியத் தந்தைக்கு ஜப்பானில் பிறந்த அராதா இசுமி ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து 2013இல் இந்தியக் கால்பந்து அணிக்கு வந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயான் வில்லியம்ஸ் 2025இல் அதே வழியில் இந்தியக் குடிமகன் ஆனார். ஓ.சி.ஐ. பதிவு செய்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு இந்தியாவில் வசித்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. இருபத்தாறு வயதில் ஆரம்பித்தால் கூட்டிப் பாருங்கள், எந்த வயதில் ஆட வருவார் என்று.

இலங்கை வழியினருக்கு நிலைமை வேறு. அங்கே விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற முடியும். ஜெர்மனியில் பிறந்த கிளாடியோ கம்மர்க்னெக்ட் போன்றவர்கள் இலங்கைக் கால்பந்து அணிக்கு வந்தது அப்படித்தான்.

போன இடத்தில் இடம் தயாராக இருக்கும் என்ற நம்பிக்கை

2012இல் இந்தியாவின் 19 வயதுக்குட்பட்டோர் அணி உலகக் கோப்பை வென்றபோது கேப்டன் உன்முக்த் சந்த். 2021இல் இந்தியக் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்று அமெரிக்கா போனார். 2024 டி20 உலகக் கோப்பை அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் நடந்தது. அமெரிக்க அணியில் அவர் பெயர் இல்லை. அந்த அணியில் இருந்தவர், 2010இல் இந்திய ஜூனியர் அணிக்கு ஆடிவிட்டு மேல்படிப்புக்காக அமெரிக்கா போன சவுரவ் நேத்ரவால்கர். டல்லஸில் பாகிஸ்தானுக்கு எதிராக சூப்பர் ஓவர் வீசி ஜெயித்துக் கொடுத்தார். இந்தியாவுக்கு எதிராக கோலி, ரோகித் இருவரையும் எடுத்தார். அவர் போனது படிக்க. ஆரக்கிளில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். வேறு பிழைப்பு கையில் இருந்ததால் காத்திருக்க முடிந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தடகளத்தில் பணம் கொடுத்து ஆள் எடுப்பது மிஞ்சிப் போனதால் 2017இல் உலக அமைப்பு மாற்றங்களையே நிறுத்தி வைத்தது. 2018இல் புது விதி: 20 வயதுக்கு முன் மாற முடியாது, மூன்று ஆண்டு காத்திருப்பு, விண்ணப்பத்தை ஒரு குழு ஆராயும். புதிய நாடு முழுக் குடியுரிமை தருகிறதா என்றும் பார்ப்பார்கள். ஒப்பந்தத்தில் ஊக்கத்தொகையைப் பார்ப்பதற்கு முன் வீரர்களும் இதைத்தான் பார்க்க வேண்டும்: ஓட்டம் நின்ற பிறகும் அந்த நாட்டில் இருக்க முடியுமா?

2028ஐக் கணக்கில் கொள்ளாதது

இது கிரிக்கெட்காரர்களுக்கு. ஐ.சி.சி. விதிப்படி ஒரு நாட்டில் பிறந்திருந்தாலோ, அதன் குடியுரிமை இருந்தாலோ, தொடர்ந்து மூன்று ஆண்டு வசித்திருந்தாலோ அந்த நாட்டுக்கு ஆடலாம். அதனால் பாஸ்போர்ட் இல்லாமலே அணியில் இடம்பெற முடிகிறது. 2028இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருகிறது. அங்கே செல்லுபடியாவது ஒலிம்பிக் சாசனம், குடியுரிமை கட்டாயம். வசிப்புக் கணக்கில் மட்டும் ஆடிக்கொண்டிருப்பவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அதில் இறங்க முடியாது.

மற்ற விளையாட்டுக்காரர்கள் தேதியைப் பார்க்க வேண்டும். அந்த ஒலிம்பிக் தொடங்குவது 2028 ஜூலை 14. பழைய நாட்டுக்காக 2025 ஜூலைக்குப் பிறகு எதிலாவது இறங்கியிருந்தால் மூன்றாண்டு முடியாது. பழைய நாட்டின் ஒலிம்பிக் சங்கத்தின் சம்மதம் தேவை. ஆகவே கடைசியாக எந்தப் போட்டியில், எந்தத் தேதியில் அந்த ஜெர்ஸியைப் போட்டார் என்பதைப் பழைய சங்கத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே ராஜினாமாக் கடிதத்தைக் கொடுப்பது நல்லது. கொடுத்த பிறகு கேட்டால் ஃபைலைத் தேடுகிறோம் என்பார்கள்.