பொறுப்பு அவனுக்கு, சாவி எனக்கு

போன மாதம் தரமணியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி பெருமையாகச் சொன்னான்: "அண்ணா, என் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டை ஜூனியர் கையில ஒப்படைச்சுட்டேன்." பைத்தான் மொழியில் எழுதிய கோடை வெளியிடும் தளமான பைபிஐ கணக்கு யாரிடம் என்று கேட்டேன். "அது என்கிட்டதான். ரிலீஸ் வேணும்னா சொல்லுவான், நான் போட்டு விடுவேன்." பத்து வருஷத்துக்கு முன்னால் நான் பேசிய அதே பேச்சு.

ரீட்மீ எழுது, லைசென்ஸ் ஃபைல் வை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுகிறேன். ப்ராஜெக்டை ஒப்படைக்கும்போது நாம் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

பட்டத்தைக் கொடுத்து சாவியை வைத்துக்கொள்வது

நான் பார்த்துக்கொண்டது, திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சின்ன கோடு லைப்ரரி. 2015இல் வீட்டில் குழந்தை, ஆபீஸில் நைட் ஷிஃப்ட். கோயம்புத்தூர் பையன் ஒருவனிடம் "இனிமே நீதான்பா" என்றேன். ரீட்மீயில் அவன் பெயரை மேலே போட்டேன், கோடை நேரடியாக மாற்றும் கமிட் உரிமை கொடுத்தேன். பைபிஐ பாஸ்வேர்டும் டொமைன் கணக்கும் என்னிடமே. அவன்மேல் சந்தேகமெல்லாம் இல்லை, அப்புறம் பார்த்துக்கலாம் என்ற சோம்பல்தான்.

டிசம்பரில் வெள்ளம். வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. அந்த வாரம் பார்த்து, 'ஸ்ரீ' வருகிற இடமெல்லாம் குப்பையாகிறது என்று புகார். பையன் அன்றிரவே சரிசெய்துவிட்டான், ஆனால் வெளியிட வழியில்லை. ஒன்பது நாள் திட்டு வாங்கியது அவன். கரண்ட் வந்ததும் மன்னிப்பு கேட்டேன். கணக்கை மட்டும் அப்போதும் கொடுக்கவில்லை! அடுத்த வருஷம் சத்தமில்லாமல் விலகிக்கொண்டான்.

பிறகு டொமைனும் போனது. புதுப்பிக்கச் சொல்லும் மெயில் நான் விட்டுவந்த கம்பெனி முகவரிக்கு, ஓடிபி சரண்டர் செய்த சிம்முக்கு. இன்று அங்கே ரம்மி விளம்பரம் ஓடுகிறது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நீங்கள் ஒரு மாதம் போனைத் தொடாமல் இருந்து, அவர் தனியாக ஒரு ரிலீஸ் போட்டிருக்கிறாரா? இல்லையென்றால் இன்னும் ஒப்படைக்கவில்லை.

கேட்டவருக்கெல்லாம் சாவி

2018இல் இவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை அதன் ஆசிரியர், உதவ வந்த முன்பின் தெரியாதவரிடம் கொடுத்தார். பிட்காயின் வாலட்டைக் குறிவைக்கும் கோடு உள்ளே வந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் ப்ராஜெக்டில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக உழைத்தவரே பின்கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற டெவலப்பர், தூரத்து கம்ப்யூட்டருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைத் துருவப்போய்த்தான் அது மாட்டியது. இதைக் காட்டி, சாவியைக் கொடுக்கவே கூடாது என்பார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு: இரண்டிலும் எல்லாச் சுமையும் ஒரே தலையில் இருந்தது. தெம்பு இருக்கும்போதே, தெரிந்த இரண்டு பேரைச் சேருங்கள்.

வாரிசை நீங்களே அறிவிப்பது

பைத்தானை உருவாக்கி, 2018 ஜூலையில் அதன் தலைமையை விட்டு விலகிய கீடோ வான் ராசம் யாரையும் கைகாட்டவில்லை. கோர் டெவலப்பர்கள் மாதக்கணக்கில் விவாதித்து, ஓட்டுப் போட்டு, 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று பேர் ப்ராஜெக்டுக்குத் தேர்தல் அதிகம்தான். மற்ற இருவரையும் ஒரு வார்த்தை கேட்கலாமே.

விலகிய பிறகும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் (கோடில் சேர்க்கச் சொல்லி வரும் மாற்றம்) மூக்கை நுழைப்பது

வேண்டாம்.

தரமணித் தம்பி அங்கேயே போனைத் திறந்து ஜூனியரை ஓனராகச் சேர்த்தான். டொமைன் கணக்கு மட்டும் அவன் அப்பாவின் மெயிலில் இருக்கிறதாம். பாஸ்வேர்டு அப்பாவுக்கும் ஞாபகமில்லை.