குன்னூர் பக்கம் உங்கள் ஏரியா நர்ஸைக் கண்டுபிடிப்பது எப்படி?

அம்மாவுக்குச் சுகரும் பிரஷரும் இருக்கிறது. மாதாமாதம் மாத்திரை வாங்க இந்த ஏற்ற இறக்கத்தில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது பெரும்பாடு. வீட்டுக்கே மருந்து வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, காசு கிடையாது. அதில் சேர உங்கள் ஏரியா நர்ஸைப் பிடித்தால் போதும்.

1. நகராட்சிக்குள் இருந்தால் வீட்டு வரி ரசீதில் வார்டு எண்ணைப் பார்த்துக்கொண்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊராட்சி என்றால் துணை சுகாதார நிலையம்.

2. எங்களை அலையவிட்டது இதுதான்: பக்கத்தில் இருக்கும் நிலையம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றில்லை. மலைப் பகுதியில் சுமார் 3000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு (சமவெளியில் 5000). எந்த ஊர் எதில் சேரும் என்பது பட்டியல்படிதான். எங்கள் வாசலில் நின்றாலே ஒரு நிலையம் தெரியும். ஆனால் எங்கள் தெரு, ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் இருப்பதோடு சேர்ந்திருந்தது. உள்ளே போனதும் சுவரில் உள்ள போர்டைப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பெயர் இல்லையென்றால் அங்கே காத்திருக்காமல், எந்த நிலையம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கூகுள் மேப்பை இதற்கு நம்பவே வேண்டாம். அங்கன்வாடி டீச்சரைக் கேளுங்கள், நர்ஸ் நம்பர் அவரிடம் பெரும்பாலும் இருக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையிலேயே நிலையத்தின் பெயர் இருக்கும்.

3. மற்ற நாட்களில் சிஸ்டர் வீடு வீடாகப் போய்விடுவார். புதன்கிழமை தடுப்பூசி நாள், பார்த்துவிடலாம். குழந்தைகள் கூட்டம் குறைந்த பிறகு போனால் நிதானமாகப் பேசுவார்.

4. ஆதார், பழைய மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். பெயர் தெரியாத “வெள்ளை மாத்திரை” என்று சொன்னால் யாருக்கும் பயனில்லை. பிரஷரும் சுகரும் பார்த்துப் பதிந்துகொள்வார். மருந்தை மாற்றுவது ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரின் வேலை, அதை சிஸ்டரிடம் வற்புறுத்தாதீர்கள். பதிவு முடிந்தால் தன்னார்வலர் அக்கா மாத்திரையோடு வீட்டுக்கு வருவார்.

பிறகு சேர்த்தது: பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கும் ஒரு தங்கை, “எங்களுக்குத் தோட்ட டிஸ்பென்சரி இருக்கே, அது போதாதா?” என்று கேட்டிருந்தார். அது சட்டப்படி தோட்ட நிர்வாகம் தர வேண்டிய வசதி. அரசு நர்ஸிடம் பதிவதற்கு அது தடையில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணி என்றால் கட்டாயம் பதியுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்தப் பதிவில் கிடைக்கும் ஆர்.சி.ஹெச். எண்ணைத்தான் (கர்ப்பிணிப் பதிவு எண்) கேட்பார்கள்.

இன்னொருவர் படுக்கையில் இருக்கும் அப்பாவுக்குத் தனியாக நர்ஸ் வைக்கப்போகிறார். தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் ஊசி போட விடாதீர்கள். சந்தேகம் எதுவானாலும் 104-ல் கேட்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் யாரையும் தேடாமல் நேராக 108.