24 மணி நேரச் சிறுநீர்க் கால்சியம் அறிக்கையைப் படிப்பது எப்படி?

சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்த அறிக்கையில் கால்சியம் கூடுதலாக இருப்பதைக் கண்டதும், முதல் வேலையாகப் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள். அது தவறான முடிவு. உணவில் கால்சியம் குறைந்தால் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட் என்ற உப்பு குடலில் அதிகமாக உறிஞ்சப்பட்டு, கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. நாளொன்றுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் ஏறத்தாழ 10 கிராம் கால்சியத்தில் 98 சதவீதத்துக்கும் மேலானதை நுண்குழல்கள் இரத்தத்துக்குத் திருப்பிவிடுகின்றன. அவை விட்டுவைத்த மிச்சமே அறிக்கையில் உள்ள எண்.

முதலில், தசையிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவான கிரியேட்டினினைப் பாருங்கள். ஆண்களுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 20 மி.கி., பெண்களுக்கு 15 மி.கி. என்ற அளவைவிட அது வெகுவாகக் குறைந்திருந்தால், தசை மெலிந்த முதியவர்களைத் தவிர மற்றவர்கள், ஏதோ ஒரு வேளைச் சிறுநீர் கேனுக்குள் சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். தொடங்கும் நாளின் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் அதே மணிக்குக் கழிப்பது வரை அனைத்தையும் சேர்ப்பதே முறை. கேனில் அமிலம் இருக்கலாம் என்பதால், கப்பில் பிடித்துத்தான் ஊற்ற வேண்டும்.

கால்சியம் பெண்களுக்கு 250 மி.கி.க்கும் ஆண்களுக்கு 300 மி.கி.க்கும் மேல் இருந்தால் அதிகம் எனலாம். உடனே அருகிலுள்ள சோடியம் எண்ணுக்குச் செல்லுங்கள். என் கணிப்பில் அறிக்கையிலேயே அதிகம் பயன்படும் வரி அதுதான். நுண்குழலின் தொடக்கப் பகுதியில், மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் சோடியத்தையும் நீரையும் பின்தொடர்ந்து பெரும்பாலும் செல்களின் இடைவெளி வழியாகத் திரும்புவதால், உப்பு மிகுந்து சோடியம் வெளியேறும்போது கால்சியமும் கூடவே போய்விடுகிறது. சுமார் 6 கிராம் உப்புக்கு ஏறத்தாழ 40 மி.கி. கால்சியம் கூடும். எனவே சோடியம் 200 மில்லிமோலைத் தாண்டியிருந்தால், ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்துவிட்டு, மருத்துவரிடம் கேட்டு மறுபரிசோதனை செய்வது நல்லது.

அடுத்து மாத்திரைகள். நுண்குழலின் நடுவிலுள்ள ஹென்லே வளைவின் தடித்த பகுதியில் கால்சியத்தை இரத்தத்தை நோக்கித் தள்ளும் மின்னழுத்தத்தை, சிறுநீர்பெருக்கி மாத்திரையான ஃபுரோசமைடு குலைத்து, சிறுநீர்க் கால்சியத்தைக் கூட்டும். தையசைடு வகைச் சிறுநீர்பெருக்கி மாத்திரைகளோ குறைக்கும். அதற்கடுத்த தொலைச் சுருள் குழலில் மட்டுமே கால்சியம் செல்லுக்குள் நுழைந்தே கடக்கிறது: டிஆர்பிவி5 என்ற வாயில் உள்ளே விட, கால்பிண்டின் என்ற புரதம் சுமந்துசெல்ல, மறுபுறப் பம்புகள் இரத்தத்துக்கு வெளியேற்றுகின்றன. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவே இங்கு மீள்கிறது என்றாலும், கழுத்திலுள்ள சிறு சுரப்பிகளிலிருந்து வந்து இரத்தக் கால்சியத்தை உயர்த்தும் பாராதைராய்டு ஹார்மோன் இறுதி அளவைத் திருத்துவது பெரும்பாலும் இங்கேதான்.

இரத்தக் கால்சியம் உயர்ந்திருந்தும் சிறுநீரில் குறைவாக இருந்தால், இரண்டையும் கிரியேட்டினினோடு ஒப்பிட்டு வெளியேற்ற விகிதத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். அது 0.01க்குக் கீழே இருந்தால், செல்களின் கால்சிய உணரியிலேயே பரம்பரைக் குறை இருக்கக்கூடும். அத்தகையோருக்குப் பாராதைராய்டு அறுவை சிகிச்சை பொதுவாகப் பயன் தராது என்பதால், கத்தி வைப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் பார்த்தாக வேண்டும்.