செவ்வந்திக்கும் டேலியாவுக்கும் குச்சி முட்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் கோடை மழை அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. பிற்பகலில் இடியோடு கொட்டும் ஒரே மழையில், தழைத்து நிற்கும் செடிப்புதர் நடுவில் பிளந்து நாலாபக்கமும் சாய்ந்துவிடும். சாய்ந்த பிறகு கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் தண்டு முறியும். முறியாமல் தப்பினாலும் செடி விறகுக்கட்டு போலத்தான் நிற்கும். ஆகவே, பல்லாண்டுச் செடிகளுக்குத் துளிர் ஒரு சாண் உயரம் வந்தவுடனேயே முட்டுக் கொடுத்துவிட வேண்டும். நம் வீடுகளில் புரட்டாசி விரதம் நடக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் இங்கே வசந்த காலமாதலால், இவ்வேலைக்கு மிகவும் ஏற்றவை.

எல்லாச் செடிக்கும் இது தேவையில்லை. அகபந்தஸும் கல்வாழையும் தாமாகவே நிற்கும். செவ்வந்தி, ஷாஸ்டா டெய்சி, உயரமான சால்வியா, டேலியா ஆகியவற்றுக்கே துணை வேண்டும்.

புதராக வளரும் செடிகளுக்கு நேரான கம்பைவிடக் கிளைகள் விரிந்த சுள்ளியே மேலானது என்பது என் கருத்து. தோட்டத்தில் கொய்யா மரம் இருந்தால் அதைக் கவாத்து செய்யும்போது விழும் கிளைகளை எடுத்து வையுங்கள். கட்டை உறுதியானது, கவைகளும் நெருக்கமானவை. உள்நாட்டு மேட்டுப் பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கம் இருப்போர் ‘பிளாக் வாட்டில்’ (black wattle) என்னும் வேல மர வகையின் கிளைகளையும் பயன்படுத்தலாம். தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இம்மரம் இன்று காடாகப் பரவிக் கிடப்பதால், விதைக்காய் ஒட்டிய கிளையை மட்டும் தோட்டத்துக்குள் விடக்கூடாது. மல்பெரி, முருங்கை, செம்பருத்திக் கிளைகளைப் பச்சையாக ஊன்றினால் அவை வேர்விட்டுத் தளிர்த்துவிடும். நன்றாகக் காயவைத்த பின்னரே ஊன்ற வேண்டும். அரளியின் பால் நஞ்சாதலால் அதைத் தவிர்ப்பது நல்லது.

சுள்ளியின் நீளத்தைச் செடியின் முழு வளர்ச்சியை வைத்துக் கணக்கிட வேண்டும். 90 செ.மீ. உயரம் வளரும் செவ்வந்திக்கு, மண்ணுக்கு மேல் 75 செ.மீ., மண்ணுக்குள் 25 செ.மீ. என ஒரு மீட்டர் போதும். அடிமுனையைச் சாய்வாகச் சீவி, கிழங்கோ வேர்த்தண்டோ காயப்படாதபடி, தூரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, சுற்றிலும் நான்கு அல்லது ஐந்து சுள்ளிகளை ஊன்றுங்கள். பிறகு அவற்றின் மேல்நுனிகளைச் செடியின் பக்கமாக வளைத்து, ஒன்றின் கவைக்குள் மற்றொன்றைச் செருகினால், கயிறே இல்லாமல் ஒரு கூடை உருவாகிவிடும். முதலில் பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். துளிர்கள் அந்தக் கவைகளின் இடையே நுழைந்து மேலேறிய பின் ஒரு குச்சியும் கண்ணில் படாது.

டேலியாவின் நிலை வேறு. கனத்த பூ, உள்ளீடற்ற தண்டு, மண்ணுக்கடியில் கிழங்கு ஆகிய மூன்றும் சேர்வதால், அதற்கு உறுதியான மூங்கில் கம்பு வேண்டும். அதையும் கிழங்கை நடும்போதே, மண்ணை மூடுவதற்கு முன், ஊன்றிவிட வேண்டும். பின்னர் ஊன்றினால் கம்பு கிழங்கைத் துளைத்துவிடக்கூடும். மூங்கிலின் மேல்நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணு அடியிலேயே அடைத்திருந்தால் குழலுக்குள் மழைநீர் தேங்காது, கொசுவும் முட்டையிடாது. குனிந்து களையெடுக்கும்போது கம்புமுனை கண்ணில் குத்தக்கூடுமாதலால், நுனியில் ஒரு காலித் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது நல்லது.

கட்டுவதற்கு நனைத்த வாழைநாரே போதும். நாரை முதலில் கம்பில் இறுக்கி முடிந்து, கம்புக்கும் தண்டுக்கும் நடுவே ஒருமுறை குறுக்காகத் திருப்பி, எட்டு என்ற எண்ணின் வடிவில் தண்டைச் சுற்றித் தளர்வாக முடியுங்கள். விரல் நுழையும் இடைவெளி இருந்தால்தான் தண்டு பருக்கும்போது நார் அறுக்காது. செடி வளர வளர ஒரு முழத்துக்கு ஒரு கட்டு வீதம் சேர்த்துக்கொண்டே போகலாம்.

கோழி எருவை அள்ளிப் போட்டால் தண்டு நெடுநெடுவென வளர்ந்து வலுவிழக்கும். எந்த முட்டும் அதை முழுவதும் ஈடுசெய்யாது. செவ்வந்தியின் நுனியை டிசம்பர் இறுதி வரை அவ்வப்போது கிள்ளிவிட்டால் செடி குட்டையாகவும் கிளைத்தும் வளரும். சுள்ளியும் குறைவாகவே தேவைப்படும்.

பூ முடிந்து செடியைத் தரையோடு வெட்டும்போது, சுள்ளிகளையும் பிடுங்கி ஒடித்துப் பாருங்கள். சடக்கென முறிபவை கரையான் படாதவையாதலால், நீளமானவற்றை அடுத்த பருவத்துக்குக் கூரைக்கடியில் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். பொடியாக உதிர்பவை எருக்குழிக்குப் போகட்டும்.