பேக்கிங் கவருக்கு ஈபிஆர் பதிவு: வேலூர், ராணிப்பேட்டை பக்கம் தொழில் பண்றவங்களுக்கு முதல்ல இருந்து

பாலாத்துப் பக்கம் குப்பையில பாருங்க, தண்ணி பாட்டில் அவ்வளவா இருக்காது, காயலான் கடையில எடைக்குக் காசு குடுக்குறாங்க அதனால யாராவது பொறுக்கிடுவாங்க. கிடக்குறதெல்லாம் ஷாம்பு சாஷே, சிப்ஸ் கவர், மசாலா பாக்கெட். அத எந்தக் கடையிலயும் வாங்க மாட்டாங்க. அத எடுக்குறவங்களுக்கு எங்கிருந்தாவது ஒரு காசு வரணும் இல்லையா, அந்தக் காசு கவர்ல பேர் போட்டு விக்கிறவங்ககிட்ட இருந்து வரணும்னு சொல்றதுதான் ஈபிஆர் சட்டம் (வித்த பின்னாடியும் தொடர்ற உற்பத்தியாளர் பொறுப்பு). 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள்லயே இது இருக்கு, ஆனா டார்கெட், சான்றிதழ், இழப்பீடுன்னு பல்லு வச்சது 2022 பிப்ரவரியில வந்த திருத்தம்தான்.

ஸ்டெப் 1: நீங்க இதுல வர்றீங்களான்னு பாருங்க

சட்டத்துல மூணு பேர்: பிளாஸ்டிக் பேக்கிங் தயாரிக்கிறவர், இறக்குமதி பண்றவர், தன் பிராண்ட் பேர்ல விக்கிறவர். ஆற்காட்டுல மக்கன் பேடாவ சொந்தப் பேர் போட்ட டப்பாவுல விக்கிற கடையும் பிராண்ட் ஓனர்தான். ஆனா குறு, சிறு நிறுவனமா இருந்தா பிராண்ட் ஓனருக்கு விலக்கு இருக்கு. 2025 ஏப்ரல்ல இருந்து சிறு நிறுவனம்னா முதலீடு 25 கோடிக்குள்ள, வருஷ விற்பனை 100 கோடிக்குள்ள, ரெண்டுமே உள்ள இருக்கணும். குறு, சிறு நிறுவனம்னு காட்டுற உத்யம் சான்றிதழ எடுத்து வச்சுக்கோங்க, அப்போ அந்தப் பொறுப்பு உங்களுக்கு கவர் சப்ளை பண்றவங்க பக்கம் போயிடும், அவங்ககிட்ட முறையா ஜிஎஸ்டி பில் வாங்குங்க, பதிவு இருக்கான்னும் கேளுங்க. வெளிநாட்டுல இருந்து பேக் பண்ண சரக்கு இறக்குறவங்களுக்கு மட்டும் இந்த விலக்கு கிடையாது. நம்ம ஊர்ல பாதிக்கு மேல உள்ள கடைங்க இந்த ஸ்டெப்லயே நின்னுடலாம், யாரோ ஒரு ஏஜென்ட் போன் பண்ணி பயமுறுத்துறாருன்னு பணம் கட்டாதீங்க.

ஸ்டெப் 2: தராசு எடுங்க

எல்லாரும் நேரா பதிவு பண்ற வெப்சைட்டத் திறக்குறாங்க, நான் சொல்றது முதல்ல தராசு. இந்தச் சட்டம் முழுக்க எடைக்கணக்கு. காலி கவர் 100 எண்ணி ஒண்ணா எடை போடுங்க, ஒண்ணு ரெண்டு போட்டா சின்னத் தராசு சரியா காட்டாது. 350 கிராம் வந்தா ஒரு கவர் 3.5 கிராம். மாசம் 20 லட்சம் பாக்கெட் ஓடுற மசாலா கம்பெனின்னா மாசம் 7 டன், வருஷத்துக்கு 84 டன். இதோட வெளிய சுத்துற ஷ்ரிங்க் ராப், பெரிய பாலித்தீன் பை இதயும் சேர்க்கணும், நிறைய பேர் விடுறது இதத்தான். போன ரெண்டு வருஷத்துக்கும் இதே மாதிரி போட்டு சராசரி எடுங்க, கடமை, அதாவது எத்தன டன் பிளாஸ்டிக்குக்கு நீங்க பொறுப்புங்கிறது, அந்த சராசரி மேலதான் வரும். எடையக் கொறச்சுக் காட்டினா அந்தக் கொறச்ச எடை கவர் ரோட்டுலதான் கிடக்கும், அத எடுக்கக் காசு குடுக்க ஆள் இல்ல.

ஸ்டெப் 3: வகை பிரிங்க

கெட்டியான பாட்டில், டப்பா முதல் வகை. கவர், பை, சாஷே மாதிரி வளையுற பிளாஸ்டிக், எத்தன லேயர் இருந்தாலும் எல்லாம் பிளாஸ்டிக்கா இருந்தா ரெண்டாவது. பிளாஸ்டிக்கோட அலுமினிய ஃபாயிலோ பேப்பரோ ஒட்டி வந்தா மூணாவது. மக்குற பிளாஸ்டிக் பை நாலாவது. உள்பக்கம் பளபளன்னு வெள்ளியா இருக்குற கவரக் கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. கவர் குடுக்குறவருக்கு போன் போட்டு "அண்ணே, இதுல எத்தன லேயர், ஒவ்வொண்ணும் இன்னா மெட்டீரியல், லெட்டர்பேட்ல எழுதி அனுப்புங்க"ன்னு கேளுங்க. அந்தப் பேப்பர் பின்னாடி ஆடிட்ல காப்பாத்தும்.

ஸ்டெப் 4: பதிவு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட (சிபிசிபி) ஈபிஆர் போர்ட்டல் ஒண்ணுதான், ஆனா விண்ணப்பத்தப் பாக்குறவங்க மாறுவாங்க. ஒண்ணு ரெண்டு மாநிலத்துல மட்டும் வித்தா தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ரெண்டுக்கு மேல போனா மத்திய வாரியம். நம்ம பக்கம் இது முக்கியம், ஏன்னா காட்பாடி தாண்டினா சித்தூர், ஹைவே புடிச்சா பெங்களூரு, சரக்கு ரெண்டு பக்கமும் போச்சுன்னா தமிழ்நாட்டோட சேத்து மூணு மாநிலம் ஆயிடுது. பான், ஜிஎஸ்டி, கம்பெனி பதிவு, கையெழுத்துப் போடுறவரோட அடையாளம், மாநிலவாரியா எடை எல்லாம் ஸ்கேன் பண்ணி ரெடியா வைங்க.

ஸ்டெப் 5: டார்கெட்டும் சான்றிதழும்

2023-24ல இருந்து கடமை 100 சதவீதம், அதாவது மேல சொன்ன மசாலா கம்பெனி உங்களுதுன்னா 84 டன்னுக்கும் நீங்கதான் பொறுப்பு. அதுல குறைஞ்சபட்சம் எவ்வளவு மறுசுழற்சிக்குப் போகணும்னு தனிக்கணக்கு: ரெண்டாவது, மூணாவது வகைக்கு 2025-26ல 40, 2026-27ல 50, 2027-28ல 60 சதவீதம். முதல் வகைக்கு இதே வருஷங்கள்ல 60, 70, 80. அப்போ 2026-27க்கு 42 டன் மறுசுழற்சி, மறுசுழற்சி பண்ணவே முடியாத மிச்சம் சிமெண்ட் சூளை, ரோடு போடுறதுன்னு போகலாம். நீங்களே குப்பை பொறுக்கப் போகவேண்டாம், போர்ட்டல்ல பதிவான மறுசுழற்சி ஆலைகிட்ட, இத்தன டன் மறுசுழற்சி பண்ணோம்னு அவங்க குடுக்குற சான்றிதழ் வாங்கணும், ரெண்டாவது வகைக்கு ரெண்டாவது வகைச் சான்றிதழ்தான் செல்லும். இங்க கண்ண நல்லாத் திறந்து வைங்க. 2023ல சிபிசிபி சோதனையில லட்சக்கணக்குல போலிச் சான்றிதழ் புடிபட்டுச்சு, குப்பையத் தொடாமலே பேப்பர் வித்திருக்காங்க. விலை ரொம்பக் கம்மியா சொன்னா ஆலைக்கு நேர்ல போங்க, மெஷின் ஓடுதா, அந்த டன்னுக்கு கரெண்ட் பில்லும் ஆளும் இருக்கான்னு பாருங்க.

ஸ்டெப் 6: வருஷ ரிட்டர்ன்

நிதி வருஷம் முடிஞ்சதும் ஜூன் 30க்குள்ள போடணும்னு விதி. டார்கெட் கொறஞ்சா சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டணும், கட்டினாலும் கடமை போகாது, மூணு வருஷம் வரைக்கும் கூடவே வரும். ஒரு வருஷத்துக்குள்ள பாக்கிய முடிச்சா கட்டுனதுல 75 சதவீதம் திரும்பக் கிடைக்கும், ரெண்டாவது வருஷம் 60, மூணாவது 40. 2025 ஜூலை 1ல இருந்து பேக்கிங் பத்தின விவரத்த க்யூஆர், பார்கோடு இல்ல தனி நம்பர் வழியா குடுக்கணும்னும் வந்திருக்கு, அதனால அடுத்த லாட் கவர் பிரிண்டுக்கு ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடியே டிசைன் பண்றவர்கிட்ட இதச் சொல்லிடுங்க.